யாருடைய பூஜ்ஜியம்?

பவானிசாகர் நிரம்பும் ஆண்டுகளில் நாளிதழ்களில் தவறாமல் ஒரு வரி வரும்: அணையின் உயரம் 120 அடி, சேறு சகதி 15 அடி போக நீர்மட்டம் 105 அடி. படித்துப் பழகியவர்களுக்கு அதில் கேட்க ஒன்றுமில்லை. கீழ்பவானிப் பாசனக்காரர்கள் 105-ஐ வைத்துத்தான் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், தண்ணீர் கேட்பார்கள். அதே அணையின் ஒரு நாள் மட்டத்தை, மீட்டரில் கணக்கு வைக்கும் பக்கத்து மாநிலத்துக்காரருக்கு ஒரு கோப்பில் அனுப்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். “100” என்று ஒரு கட்டத்தில் இருக்கிறது. எங்கிருந்து 100? சகதியைக் கழித்ததா, கழிக்காததா? கோப்பில் அது இருக்காது. அனுப்பியவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. பெறுபவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

சிறுவாணியில் இது இன்னும் பட்டவர்த்தனம். கோவைக்காரர்களுக்கு அது ஐம்பது அடி அணை. அணை நிற்கும் கேரளத்தில் அதே முழு மட்டம், கடல்மட்டத்திலிருந்து 878.5 மீட்டர். 877 மீட்டரோடு நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்தால், கோவையில் அதை “ஏறத்தாழ அஞ்சு அடி குறைச்சுட்டாங்க” என்று மாற்றிச் சொன்னால்தான் புரியும். இரண்டு பேரும் ஒரே தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் அணையின் அடியிலிருந்து எண்ணுகிறார், மற்றவர் கடலிலிருந்து. எண்ணத் தொடங்கும் அந்த இடம்தான் பூஜ்ஜியம்.

எல்லை தாண்டிய நீர் ஆய்வு என்று பேச்சு எடுத்தாலே நம்மூரில் வரும் முதல் புகார், “அவங்க டேட்டா தர மாட்டேங்கறாங்க” என்பதுதான். தராதது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்கு ஒத்துவரவில்லை. பூஜ்ஜியம் எது என்று பேசி முடிக்காமல் கைமாறும் தரவு, தராமல் போன தரவைவிடத் தொல்லை. தராததை வைத்து யாரும் வரைபடம் போட முடியாது. இதை வைத்துப் போட்டுவிடுவார்கள்.

போய்த் திரும்பும் ஆறு

நீலகிரியின் தென்மேற்கு மூலையில் பிறக்கும் பவானி, கேரளத்தின் சைலன்ட் வேலி பக்கம் இறங்கி, முக்காலியில் திரும்பி, அட்டப்பாடி வழியாக ஓடி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து பில்லூர் அணையில் சேர்கிறது. ஆற்றுக்கே இரண்டு எல்லைத் தாண்டல். அதற்குமேல் மனிதக் கைவரிசை ஒன்றும் உண்டு: அப்பர் பவானி அணையில் தேக்கும் நீர் அவலாஞ்சி, எமரால்டு பக்கம் திருப்பப்பட்டு, குந்தா மின்நிலையங்களை வரிசையாகச் சுழற்றிவிட்டு, அட்டப்பாடியைத் தொடாமலேயே பில்லூருக்கு வந்து சேர்ந்துவிடும். ஆகவே பில்லூரில் நிற்கும் தண்ணீரில் ஒரு பங்கு கேரளம் போய் வந்தது, ஒரு பங்கு போகாதது. மேலே உள்ள அணைகள் மின்வாரியத்தினுடையவை, கீழே பவானிசாகர் நீர்வளத் துறையினுடையது. மாநில எல்லைக்கு முன்பே இலாகா எல்லை ஒன்று இருக்கிறது.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) 21 கபினிக்கு, 6 பவானிக்கு, 3 பாம்பாற்றுக்கு. பவானியின் அந்த 6 டி.எம்.சி.யில் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதை எந்த அளவுகோலும் நேராகக் காட்டாது. அட்டப்பாடிக்குள் நுழையும் நீரில் இருந்து வெளியேறும் நீரைக் கழித்து, நடுவில் சேரும் ஓடைகளையும் கணக்கில் கொண்டுதான் பிடிக்க வேண்டும். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் பிழையும் பெரிதாகும். சும்மா ஓர் உதாரணம்: இரண்டு நிலையங்களிலும் ஆண்டுக்கு 50 டி.எம்.சி. ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் முன்பின் என்று வைப்போம். ஒவ்வொன்றிலும் பிழை இரண்டரை டி.எம்.சி. கழித்த விடையில் அது மூன்றரைக்குப் போகிறது. ஆறு டி.எம்.சி.யை அளக்க மூன்றரை டி.எம்.சி. ஆட்டம் உள்ள தராசு! ஓட்டத்தை அளப்பதில் 5 சதவீதம் என்பது நல்ல வேலை. அதைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் தவிர்க்கக்கூடிய பிழைகளை, அதாவது பூஜ்ஜியம், நேரம், அலகு மூன்றையும் ஒன்றுவிடாமல் துடைத்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கனடாக்காரர்கள் முதலில் செய்தது

குந்தாத் திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உதவியில் எழுந்தது என்பது நீலகிரியில் பெரியவர்கள் பலருக்கும் தெரியும். இங்கே பாறையைக் குடைந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், கனடா தன் ஊரில் அமெரிக்காவோடு சேர்ந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே மோசஸ்-சாண்டர்ஸ் அணையைக் கட்டிக்கொண்டிருந்தது. 1958-ல் அதில் மின்னுற்பத்தி தொடங்கியது. அணையின் பாதி ஒரு நாட்டில், பாதி இன்னொரு நாட்டில். ஒண்டாரியோ ஏரியின் மட்டத்தை ஏற்றி இறக்குவது அந்த அணைதான்.

என் எண்ணம் திரும்பிய இடம் அந்த அணை இல்லை. அதற்கு ஐந்து வருஷம் முந்தைய ஒரு குழு. 1953-லேயே இரு நாட்டு நீரியல்காரர்களும் உட்கார்ந்து, பேரேரிகளின் (ஒண்டாரியோ உள்ளிட்ட ஐந்து பெரிய ஏரிகள்) அடிப்படைத் தரவுகளை ஒத்திசைக்கவென்றே ஓர் ஒருங்கிணைப்புக் குழு அமைத்துவிட்டார்கள். அதிகாரம் பெரிதாக இல்லாத குழு. அதன் வேலை, இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வெளியிடச் செய்வது. எண் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று தோண்டுவது. அந்த வேலையில் பிறந்ததுதான் 1955-ஆம் ஆண்டைய பன்னாட்டுப் பேரேரி மட்ட அடிப்படை, அதாவது ஏரி மட்டங்களை எண்ணத் தொடங்கும் பொதுக் குறி. பூஜ்ஜியத்தை இரண்டு நாட்டுச் சர்வே துறைகளில் ஒன்றிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாமல், செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரப் பக்கம் ஓர் இடத்தில் புதிதாக வைத்தார்கள். பிறகு 1985 அடிப்படை. அதற்குப் பூஜ்ஜியம் கியூபெக்கின் ரிமூஸ்கியில். 1992-ல் புழக்கத்துக்கு வந்தது.

ஒருமுறை வைத்த பூஜ்ஜியத்தை ஏன் மாற்ற வேண்டும்? அங்கே தரையே நகர்கிறது. பனியுகத்துப் பனிப்பாறை அழுத்திவைத்த நிலம், பாரம் போனபின் இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. வடக்கே வேகமாக, தெற்கே மெதுவாக. அளவுகோல் அசையாமல் நின்றாலும் அது நிற்கும் தரை அசைகிறது. எனவே இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி மட்டம் பார்க்க வேண்டும். இந்த மாற்றத்தில் ஒண்டாரியோவின் தாழ்மட்டக் குறி 242.8 அடியிலிருந்து 243.3 அடியானது. ஏரி அசையவில்லை, காகிதத்தில் அரை அடி ஏறிவிட்டது. 2017 வெள்ளத்தில் அந்த ஏரி தொட்ட உச்சம் 75.88 மீட்டர், 2019-ல் 75.92. இடையில் நான்கே சென்டிமீட்டர். எந்த அடிப்படை என்று எழுதாத ஒரு கோப்பு கலந்துவிட்டால் எது பெரிய வெள்ளம் என்பதே தலைகீழாகிவிடும். இழப்பீடு, வழக்கு எல்லாம் அந்த நான்கு சென்டிமீட்டர்மேல்தான் ஏறி உட்காரும்.

2000 முதல் 2005 வரை அந்த ஏரி மட்டத்தின் ஒழுங்குமுறையை மாற்றுவதற்கான ஆய்வு நடந்தபோது கரையரிப்பு, சதுப்புநிலம், கப்பல், மின்சாரம், படகுத்துறை என்று எல்லாவற்றுக்கும் இரண்டு நாட்டிலும் தரவு திரட்டினார்கள். ஒரு பக்கம் அடி, ஒரு பக்கம் மீட்டர். அமெரிக்க மத்திய அரசின் தரவுக்குப் பதிப்புரிமை கிடையாது. கனடாவில் அரசுக்குப் பதிப்புரிமை உண்டு. நிலத்தின் உயரத்துக்கு ஆளுக்கொரு அடிப்படை. இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவே ஏரியின் மட்டம் மட்டும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டு நின்றதென்றால், அது பழைய குழுவின் புண்ணியம். அங்கே பூஜ்ஜியம் முதலில், அணை பிறகு. இங்கே அணைகள் முதலில், 1990-ல் நடுவர் மன்றம், 2018-ல் காவிரி மேலாண்மை ஆணையம். காவிரியில் கர்நாடகம், தமிழ்நாடு இரு தரப்பும் வேறு வழியில்லாமல் ஏற்கும் ஓர் எண் பிலிகுண்டுலுவினுடையது. அளப்பது மத்திய நீர்வள ஆணையம். பவானிக்கு நெல்லித்துறையிலும், மோயாற்றுக்குத் தெங்குமரஹாடாவிலும் அதே ஆணையத்தின் நிலையங்கள் இருக்கின்றன. ஆரம்பிப்பதென்றால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரே ஒரு ரீடிங்

காலை எட்டு மணிக்கு அணைக்கட்டில் இருக்கும் ஊழியர் படியிறங்கி ஸ்கேலைப் பார்க்கிறார். எனாமல் தகடு, கறுப்பு எழுத்து, பாசி. காற்றடித்தால் தண்ணீர் தகட்டில் ஏறி இறங்கும். ஏறியதற்கும் இறங்கியதற்கும் நடுவை எடுக்க வேண்டும். பிறகு போன்:

“அண்ணே, ஸ்கேல் எவ்ளோ?”

“எழுபத்தெட்டே கால், தம்பி.”

இந்த எழுபத்தெட்டே கால், பதிவேட்டில் 78.25 ஆகும். சில இடங்களில் அடி, அங்குலமாக 78-3 என்று எழுதுவார்கள். கணினியில் ஏற்றுபவர் அந்த 78-3-ஐ 78.3 என்று தட்டினால் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான பிழை, பரவாயில்லை எனலாம். 78 அடி 11 அங்குலம் 78.11 ஆகிவிட்டால் பத்து அங்குலம் போச்சு. பத்தோ பதினொன்றோ அங்குலம் வரும் நாளில் மட்டும் இந்தப் பிழை பெரிதாகும் என்பதால் வரைபடத்தில் அங்கங்கே பல் விழுந்ததுபோல் தெரியும். தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கமாக .10, .11 மட்டும் வருகிறதா, .12 முதல் எதுவும் வரவே இல்லையா என்று எண்ணிப் பார்த்தால் பிடித்துவிடலாம். பகிரும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது.

அடுத்தது, அந்த ஸ்கேலின் பூஜ்ஜியம். ஆற்று நிலையங்களில் வெள்ளம் ஸ்கேலை அடித்துக்கொண்டு போகும். மழை ஓய்ந்ததும் புதிதாக நடுவார்கள். பழைய உயரத்திலேயே நட்டதாக நினைப்பார்கள். நிலையத்துக்கு “பூஜ்ஜிய உயரம்” என்று ஒரே ஓர் எண் வைத்திருப்பது போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த உயரம், யார் மட்டம் பார்த்தது, எந்தக் குறிக்கல்லிலிருந்து (உயரம் ஏற்கெனவே தெரிந்த கல்) என்று தனிப்பட்டியல் வேண்டும். மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலோடு கல்லிலிருந்து ஸ்கேலுக்குப் போய், திரும்பக் கல்லுக்கே வந்து மூட வேண்டும். கல் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால், மூடும்போது வரும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் மறுபடி நடக்கத்தான் வேண்டும். மலையில் இது அரைநாள் வேலை இல்லை என்பதால் ஜி.பி.எஸ். வைத்து முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. ஜி.பி.எஸ். கருவி கொடுப்பது கணித நீள்வட்டத்திலிருந்து உயரம்; தென்னிந்தியாவில் அது கடல்மட்ட உயரத்தைவிட 80 முதல் 100 மீட்டர் வரை குறைவாக இருக்கும். சில கருவிகள் திருத்திக் கொடுக்கும், சில கொடுக்காது. முழு 90 மீட்டர் பிழை கண்ணில் பட்டுவிடும். எந்தத் திருத்த மாதிரி என்பது மாறி, அதனால் வரும் சில பத்து சென்டிமீட்டர்தான் படாது.

கொள்ளளவையும் நீரோட்டத்தையும் பகிர்வதைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு: அளந்ததை அனுப்பு, கணக்கிட்டதை அதற்குப் பின்னால் அனுப்பு. “இருப்பு இத்தனை மில்லியன் கன அடி” என்பது அளந்தது இல்லை. மட்டத்தை அளந்து, அட்டவணையில் பார்த்து எடுத்தது. வண்டல் ஏறிக் கிடக்கும் பில்லூர் போன்ற அணையில் கட்டியபோதைய அட்டவணையும் பிந்தைய சர்வே அட்டவணையும் ஒரே மட்டத்துக்கு வேறு வேறு இருப்பைச் சொல்லும். ஆற்றோட்டமும் அப்படித்தான்; பெருவெள்ளம் படுகையைச் சுரண்டிவிட்டுப் போனால் மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இருந்த பழைய உறவு முறிந்துவிடும். மட்டம் கையில் இருந்தால் புதிய அட்டவணை வரும் நாளில் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடலாம். இருப்பு மட்டும் இருந்தால் எந்த அட்டவணை என்று யாரையாவது தேடிப் போக வேண்டும். அவர் ஓய்வு பெற்றிருப்பார்.

அலகு மாற்றம் சுலபம், எல்லோருக்கும் மனப்பாடம்: ஒரு கனமீட்டர் 35.31 கன அடி, ஒரு டி.எம்.சி. 2.832 கோடி கனமீட்டர், விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மாற்றிய எண்ணைப் பழைய எண்ணின்மேல் எழுதிவிடுவதில்தான் தவறு. இரண்டும் தனித்தனிப் பத்தியில் இருக்க வேண்டும்.

எட்டு மணியும் எட்டரை மணியும்

மட்டம் எட்டு மணிக்கு, மழை எட்டரை மணிக்கு. நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்ததை இன்றைய தேதியில் எழுதுவது வானிலைத் துறை வழக்கம். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதியில் பதிவான அவலாஞ்சியின் 82 சென்டிமீட்டரில் பெரும்பங்கு நேரம் ஏழாம் தேதிக்கு உரியது. ஏழாம் தேதி இரவே ஏறிய மணிவாரி மட்டத்தோடு இதை அப்படியே ஒட்டினால் வெள்ளம் முதலில், மழை பிறகு என்று வரைபடம் சொல்லும். சேமிக்கும்போது தேதி மட்டும் போதாது. தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டும் வேண்டும். தேதியையும் 2019-08-07 என்ற வரிசையில் எழுதினால் தப்பிக்கலாம். 07/08 என்று எழுதினால் அமெரிக்க வரிசை வைத்திருக்கும் கணினி அதை ஜூலை 8 ஆக்கிவிடும், சத்தமே போடாமல். ஜூலையிலும் மழைதான், ஆகஸ்டிலும் மழைதான். யாருக்கும் சந்தேகம் வராது. பன்னிரண்டாம் தேதிக்கு மேல் மாற்ற முடியாமல் கணினி அதை வெறும் எழுத்தாக விட்டுவைக்கும். ஒரு பத்தியில் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஒட்டி நின்றால் அதுதான் காரணம்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு ரீடிங் என்பதை ஏரியின் அளவு தீர்மானிக்கும். ஒண்டாரியோ ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். ஆண்டை 48 துண்டாக, மாதத்துக்கு நான்காகப் பிரித்து நூறாண்டுக் கணக்கை ஓட்டினார்கள், போதுமானதாக இருந்தது. பில்லூருக்கு அது உதவாது. மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் குந்தா நிலையங்கள் முழுமூச்சில் ஓடும், நள்ளிரவில் ஓயும். காலை எட்டு மணி ரீடிங் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கவே பார்க்காது. 100 அடி அணையில் 97 வந்ததும் மதகைத் திறக்கும் இடத்தில், நாளுக்கு ஒரு ரீடிங் வைத்து ஒழுங்குமுறையை ஆராய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கபடி ஆடுவதற்குச் சமம். மணிக்கு ஒன்றாவது வேண்டும்.

அதற்குத் தானியங்கிக் கருவி போடலாம். பாலத்தடியில் தொங்கும் ராடார், நீரின் உயரத்தை அளப்பதில்லை. தனக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறது. தண்ணீர் ஏறினால் எண் இறங்கும். கழிக்க மறந்த கோப்புகள் தலைகீழாகத் திரிவதுண்டு. நீலகிரியில் இதைவிடப் பெரிய தொல்லை சூரியத் தகடு. தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவில் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாது, பேட்டரி இறங்கும், கருவி உறங்கும். ஆக விடுபட்ட ரீடிங்குகள் எங்கோ தற்செயலாக விழுந்தவை இல்லை. உச்ச வெள்ளத்தின் நாட்களில் குவிந்தவை. அவற்றை முன்னும் பின்னும் பார்த்துச் சராசரியால் நிரப்பினால், எதற்காக ஆய்வோ அதையே அழித்ததாகும்.

“இல்லை”

விடுபட்டதை எப்படி எழுதுவது என்பதுதான் பகிர்வு ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடும் வரி. மழைப் பதிவேட்டில் “இல்லை” என்று இருந்தால் மழை இல்லையா, பார்க்க ஆள் இல்லையா? சிறு கோடு இருந்தால்? காலியாக விட்டால்? தட்டச்சு செய்பவர் மூன்றையும் 0 ஆக்குவார். வேறொருவர் −999 போடுவார். அந்த −999 யாரோ ஒருவரின் மாதச் சராசரிக்குள் புகுந்துவிடும். மதிப்புக்கு ஒரு பத்தி, நிலைக்கு ஒரு பத்தி என்று பிரித்தால் போதும். நிலைப் பத்தியில் நாலைந்து குறி: அளந்தது, மதிப்பிட்டது, ஸ்கேலுக்குக் கீழே போனது, பார்க்கவில்லை, கருவி பழுது. திருத்தியிருந்தால் பழைய எண், புதிய எண், திருத்தியவர், காரணம். பழையதை யாரும் அழிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கொட்டிவிட வேண்டும் என்பார்கள். அது யாருடைய சர்வர் என்ற சண்டையிலேயே ஆய்வுக் காலம் முடிந்துவிடும். அவரவர் தரவு அவரவரிடம் இருக்கட்டும். பொதுவில் இருக்க வேண்டியவை மூன்று: நிலையங்களின் பட்டியல், பூஜ்ஜியங்களின் வரலாறு, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒத்திசைந்த தொடர். அந்தத் தொடருக்குப் பதிப்பு எண் வேண்டும். தற்காலிகம், இறுதி என்ற முத்திரை வேண்டும். அறிக்கை எழுதுபவர் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார் என்று சொல்லியாக வேண்டும். நிலையத்துக்கு எண் கொடுத்துவிட்டால் அவலாஞ்சி, அவலாஞ்ச் என்ற எழுத்துக்கூட்டல் தகராறும் ஓயும். நீர் ஆண்டு ஜூன் முதல் மே வரை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கூடவே, பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அந்தந்த வரியோடு இணைத்து வைப்பது வீண் வேலையாகத் தெரியலாம். குறிப்புப் பத்தியைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அட்டப்பாடிப் பக்கப் பதிவேட்டில் “வெள்ளம் கூடி” என்று மலையாளத்தில் எழுதியிருப்பார்கள். தண்ணீர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். மலையாளத்தில் வெள்ளம் தண்ணீர். இந்தப் பக்கம் தட்டச்சு செய்பவர் அதைப் படித்துவிட்டு நிலைப் பத்தியில் “வெள்ளப்பெருக்கு” என்று குறி போட்டால், சாதாரண ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்று வெள்ள நாளாகிவிடும். எழுதியவரின் கையெழுத்து பக்கத்திலேயே இருந்தால், மலையாளம் தெரிந்த யாராவது ஒருவர் என்றைக்காவது திருத்துவார்.